பழைய பத்திரிகையில் இல்லாத தம்ளர்

வெளியூர் வாசகர் கேட்கும் பக்கத்தின் நகல், கட்டணம் கிடைத்த முப்பது நாளுக்குள் அனுப்பப்படும். இயலாவிட்டால் காரணம் எழுத்தில் தெரிவிக்கப்படும். எங்கள் கல்லூரி நூலகத்தின் ஒன்பதாம் விதி இது. வாசலில் மாட்டியிருந்த விதிப்பலகையை முழுவதும் படித்த ஒரே மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளில் குவைத்தின் ஃபர்வானியாவில் எங்கள் ஃபிளாட்டில் வெள்ளிதோறும் தமிழ் ஜெபக்கூட்டம் நடந்தது. நான் செயலாளர். மாதம் ஒரு தாளை ஸ்டென்சிலில் கையால் எழுதி, ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதியெடுத்துக் கொடுப்பேன். 1975-இல் ஒரு மாதம் பக்கம் நிரம்பவில்லை. நூற்று நாற்பது வருடம் முந்தைய மிஷன் மாதப் பத்திரிகை ஒன்றிலிருந்து, மாணவனாக அந்த நூலகத்தில் உட்கார்ந்து நகலெடுத்த நோட்டு என்னிடம் இருந்தது. சாராயம், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சபைக்குள் சாதி என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் பெயர் போடாமலே ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்ட பத்திரிகை. அதில் ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டேன். புதிதாகச் சேர்ந்த வேறு சாதியாரோடு ஒரே பாயில் உட்காராமல், தன் பாயைத் தானே சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு வரும் சபையில் போதிக்கும் ஓர் உபதேசியாரைப் பற்றியது. செத்தவருக்காக யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

வந்தவர் என் சிநேகிதர். பாளையங்கோட்டைக்காரர், இருவரும் ஒரே கப்பலில் குவைத் வந்து இறங்கியவர்கள். கூட்டத்தில் எல்லோரும் கார்ப்பெட்டில் உட்கார, அவர் கதவோரத்து நாற்காலியில் உட்காருவார். டீ வரும்போது அவர் மனைவியின் பையிலிருந்து அவருடைய தம்ளர் வெளியே வரும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

"என்ன வே, பாய்னு எழுதி என்னைப் போட்டிருக்கீரு?"

"அது நூத்தி நாப்பது வருஷத்துக் கடிதம் அண்ணாச்சி."

"அப்ப ஒரிஜினலைக் காட்டும். இல்லேன்னா அடுத்த தாள்ல மன்னிப்பு எழுதும். ரெண்டும் இல்லேன்னா நானும் நாலு குடும்பமும் வேற எடம் பாத்துக்கிடுதோம்."

காட்டுகிறேன் என்றேன். ஆனால் அந்த உபதேசியார் தனக்கென்று எவர்சில்வர் தம்ளரும் கொண்டுவருவார் என்ற கடைசி வரி நோட்டில் இல்லை. ஸ்டென்சிலில் கை ஓடியபோது நானே சேர்த்தது.

நூலகத்துக்கு விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் விதிப்படி அனுப்பினேன்; ரெஜிஸ்தர் தபால், பதில் தபால் செலவுக்குப் பன்னாட்டுத் தபால் கூப்பன். முப்பது நாள் போயிற்று. நினைவூட்டல் எழுதினேன்; பிறகு இன்னொன்றும் எழுதினேன். பதில் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நினைவூட்டல் எழுதிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆபீஸ் தபால் பெட்டியைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை திறந்தேன். வெள்ளிக்கிழமை கதவோரத்து நாற்காலி காலி. பிறகு வெயில் ஜாஸ்தி என்று ஒரு குடும்பம், டியூட்டி என்று இன்னொரு குடும்பம்.

"அந்த நகல் வந்தா மாட்டப்போறது நீங்கதானே?" என்றாள் மனைவி. "எதுக்கு இப்படி விழுந்து விழுந்து கேக்கிறீங்க?"

மூன்றாம் நினைவூட்டலைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிநேகிதர் வீட்டுக்குப் போனேன்.

"கடைசி வரி நான் சேர்த்தது, அண்ணாச்சி."

"தெரியும். அந்தக் காலத்துல ஏது வே எவர்சில்வர்? பித்தளைன்னு எழுதியிருந்தா தப்பிச்சிருப்பீரு."

உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பாய்?"

"அது அச்சில இருக்கு."

எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தம்ளருக்கு மட்டும் திருத்தம் போடும். பாய் கிடக்கட்டும்."

போட்டேன். அடுத்த வெள்ளி வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி கார்ப்பெட்டில் உட்கார்ந்து, பையைத் திறக்காமல், எங்கள் வீட்டுக் கண்ணாடி கிளாஸில் டீயை அவரிடம் நீட்டினார். அது ஆறி ஆடை கட்டும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, ஒரே மடக்கில் குடித்தார்.

குறிப்பிட்ட தொகுதி பைண்டிங்குக்குப் போயிருப்பதை ஒன்பதாம் விதிப்படி தெரிவித்துக்கொள்ளும் நூலகத்தின் பதில் 1976 நவம்பர் பதினேழாம் தேதி வந்தது.