குணா அண்ணன் போட்ட கோடு

செல்வி அக்காவின் அழைப்பு வந்தபோது நான் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தொழிற்சாலையின் தரச் சோதனை அறையில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். காலை ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "தவம், உன் அண்ணன் போயிட்டாருலா. கோப்பி குடிச்சிட்டு ஷூ மாட்ட உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். எந்த ஷூ என்று கேட்டுவிட்டேன். கணவனை இழந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? அக்கா கோபப்படவில்லை. "வேலைக்குப் போற ஷூதான். அந்தப் பெரிய ஷூ இல்ல" என்றார்.

இறுதிச் சடங்கன்று குணசீலன் அண்ணனின் தலைமாட்டில் ஒரு வெள்ளைத் தலைக்கவசம் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று என இரண்டு ஒட்டுத்தாள்கள். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போவாரா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அங்கே நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன். அந்த இரண்டு ஒட்டுத்தாள்களையும் ஒட்டியவள் நான்தான்.

அவர் லேத் மெஷினில் உருளைகளைக் கடைவார், நான் சோதிப்பேன். சரியானதற்குப் பச்சையில் 'லுலுஸ்', சரியில்லாததற்குச் சிவப்பில் 'தோலாக்'. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருடைய ஒரு தட்டு முழுவதற்கும் சிவப்பு ஒட்டினேன். முடி அளவுக் கீறல்தான். வேறு யாராவது என்றால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவர் பூதக்கண்ணாடியோடு வந்தார், வெகுநேரம் பார்த்தார். "சரிதான்லா. கண்ணுக்குத் தெரியாட்டியும் கீறல் கீறல்தான்" என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். அதற்காக நான் விட்டுக்கொடுத்ததும் இல்லை, அவர் அதை எதிர்பார்த்ததும் இல்லை.

ஒரு குளிர்காலத்தில் நிர்வாகம் அவரைப் புது மெஷின் பழக ஜப்பானின் ஹொக்காய்டோவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் எங்களுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கி வரவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். முழுக்க வெள்ளை, நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு மெல்லிய கோடு. ஆள் எங்கே என்று கேட்டேன். "ஆளு எதுக்கு? கோட்டப் பாரு" என்றார். ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிப் பனிமலையில் சறுக்கும் விளையாட்டு அது. பெரும்பாலானவர்கள் மெத்தென்ற காலணியோடு பலகையைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புவார்கள். பனி விளக்குமாற்றால் பெருக்கியதுபோல் ஆகிவிடும். சிலர் மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் காலணி போட்டு, நீண்ட ஒடுக்கமான பலகையை விளிம்பில் சாய்த்து, அந்த விளிம்பின் மேலேயே வளைந்து போவார்கள். அவர்கள் போன இடத்தில் கோடு ஒன்றுதான் மிஞ்சும். "லேத்துல நல்ல டூல் போட்டா இப்படித்தான் விழும். எனக்கு இது ஒண்ணு போட்டா போதும் தவம். மேலருந்து கீழ வரைக்கும், வழுக்காம, ஒரே ஒரு கோடு." அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

ஆசைப்பட்டதோடு நிற்கிற ஆளா அவர்? யாரோ பயன்படுத்திய ஆரஞ்சு நிறக் கெட்டிக் காலணி ஒரு சோடியும் பலகையும் இணையத்தில் வாங்கினார். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அவருடைய வீடும் அங்கேதான். வீட்டு முன்புறச் சரிவில் ஒரு மரப்பலகையைப் பதித்து, காலணியை அதில் பூட்டி, தினமும் மாலை ஆறு மணிக்கு ஏறி நின்றுவிடுவார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டும் ஏறக்குறைய முன்னோக்கியே இருக்கும். "முட்டி மடங்கணும், இடுப்பு மடங்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடமும் வலமும் சாய்வார். பக்கத்து வீட்டு அங்கிள் இவருக்கு முதுகுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் கொடுத்தனுப்பினார். இவரும் நன்றி சொல்லி வாங்கித் தேய்த்துக்கொண்டார்.

இரண்டு வருடம் இப்படிப் பழகிய பிறகு ஹொக்காய்டோ போனோம். செல்வி அக்காவுக்குத் துணையாக நானும் போனேன், வேடிக்கைக்காக ஒட்டுத்தாள் சுருள்கள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன். முதல் நாள் காலையில் அண்ணன் காலணியை மாட்டி, கொக்கியை இறுக்கி, பனியில் நாலு அடி வைத்தார். முறுக்கு நொறுங்குகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் ஆரஞ்சுத் துண்டுகள். ஐந்தாவது அடியில் இன்னொரு காலும் போனது. அங்கே சாமான் வாடகைக்கு விடும் பெரியவர் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினார், அது பிஸ்கட்டாக உதிர்ந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று சைகையில் கேட்டார். இரண்டு வருடமும் தகரக்கூரை போட்ட ஸ்டோரில் வைத்திருந்தார் நம்ம ஆள். ஈப்போ வெயிலும் ஈரமும் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தன. பனிச் சாமானை வெந்நீர் அடுப்பில் வைத்ததுபோல் வைத்துவிட்டு, பனிக்கு வந்து நின்றோம்.

செல்வி அக்கா பொரிந்து தள்ளினார். "ரெண்டு வருசமா போர்ட்டிக்கோவுல ஆடுன ஆட்டமெல்லாம் இதுக்குத்தானா? ஊருக்கே போலாம் வாங்க." அண்ணன் உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "செல்வி, உடைஞ்சது ஷூதான். முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு கட்டையில் சறுக்குகிறவர்களின் கெட்டிக் காலணி அந்தப் பலகையின் கம்பிப் பூட்டில் உட்காரும், ஆரம்பத்துக்கு அதுவே போதும் என்று பெரியவர் ஒரு சோடியை எடுத்து மாட்டிக் காட்டினார்.

அதை மாட்டிக்கொண்டு, அகலமான, சரிவு குறைந்த பாதையாகப் பார்த்துத் தொடங்கினார். ஒரே ஒரு வளைவு, பலகை தானாக மேட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும் வரைக்கும். பிறகு மறுபக்கம் ஒன்று. பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கிளம்புவார். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் வளைவின் நடுவில் கை பனியைத் தொட வேண்டும் என்று ஒரு ஆசை. பெரிய ஆட்டக்காரர்களின் படங்களில் கை பனியைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது? இவர் இடுப்பை மடக்கிக் கையை நீட்டுவார், விளிம்பு விட்டுப் போகும், பனி பெருக்கியதுபோல் ஆகும், அண்ணன் உட்கார்ந்த நிலையில் கீழே வருவார். "ஊசி ஏதும் தொலைச்சிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். கடைசி நாள் தலைக்கவசத்தை நீட்டி, "ஒட்டுலா" என்றார். தோலாக் ஒட்டினேன். ஊருக்கு வந்தும் அதை அவர் கிழிக்கவில்லை.

அடுத்த வருடம் நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் அடைப்பு நீக்கினார்கள். மருத்துவர் நடக்கச் சொன்னார். இவர் மலையைப் பற்றிக் கேட்டார். ஒரு வருடம் கழித்து எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, மெதுவாக, அளவோடு போகலாம் என்று அனுமதி கிடைத்தது. செல்வி அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "இதுதான் கடைசி. கோடு விழுந்தாலும் சரி, விழாட்டியும் சரி." அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். அந்த முறை ஜப்பானிலேயே புதுக் காலணி வாங்கினார்.

நான்கு நாள் தங்கினோம். முதல் மூன்று நாளும் விடாமல் பனி கொட்டியது. பொடிப் பனியில் பலகை புதைந்ததே தவிர, கோடு விழவில்லை. அவர் புலம்பவே இல்லை. விடுதிச் சன்னலருகில் நின்று முட்டியை மடக்கிக்கொண்டிருந்தார். "எங்க அம்மா தோட்டத்துல பால் எடுக்க ரப்பர் மரத்துல கோடு போடுறப்ப கத்திய அழுத்தாது தவம். சாய்ச்சுப் பிடிச்சு, அதும்பாட்டுக்கு விடும். நான்தான் அழுத்தி அழுத்திக் கெடுத்திட்டேன்." அவர் தன் அம்மாவின் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நான்காம் நாள் விடிந்தபோது வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இயந்திரம் வந்து பாதையைச் சமன் செய்து வைத்திருந்தது, ஒரு தடம்கூட இல்லை. மலைமேல் ஏற்றிவிடும் தொங்கு நாற்காலிகளில் முதலாவதில் அண்ணன் மேலே போனார். நானும் செல்வி அக்காவும் சரிவின் ஓரத்தில் நின்றோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தார், பிடி வலித்தது. அண்ணன் கிளம்பினார். முதல் சாய்வில் கை எட்டிப் பார்க்கவில்லை. முட்டி மடங்கியது, இடுப்பு நேராக நின்றது, பலகை விளிம்பில் ஏறியது, அதும்பாட்டுக்கு வளைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்களைத் தாண்டும்போது பனியைச் சீவும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவது வளைவில் பலகை மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

நான் மேலே பார்த்தேன், யாரும் வரவில்லை. போய் மண்டியிட்டுக் கோட்டைச் சோதித்தேன். அவருக்காக நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வளைவாக, சிராய்ப்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டே கீழே வந்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு, என் விரல் அகலம், இரண்டு கரையும் கத்தியால் வெட்டியதுபோல். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பையிலிருந்த பச்சைச் சுருளில் ஒரு தாளைக் கிழித்தேன். அவர் குனிந்து தலையைக் கொடுத்தார். சிவப்புக்குப் பக்கத்திலேயே லுலுஸ் ஒட்டினேன். பிறகு அந்தக் கெட்டிக் காலணியோடு மெதுவாகச் சரிவில் ஏறித் தன் கோட்டைத் தானே பார்த்தார். "அம்மாவோட தோட்டத்துக் கங்காணியே வந்தாலும் குறை சொல்ல முடியாதுலா" என்றார். செல்வி அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

ஊருக்கு வரும் விமானத்தில் அண்ணன் என் பக்கம் திரும்பி, "அடுத்து நீதான்" என்றார். எனக்கு ஐம்பத்தொன்று என்றேன். "அப்போ என்னைவிட ரெண்டு வருசம் முன்னாடியே ஆரம்பிக்கிற" என்றார்.

வீட்டு முன்புறத்தில் இருந்த அந்த மரப்பலகை இப்போது என் வீட்டில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஏறி நிற்கிறேன். அவருடைய புதுக் காலணி என் படுக்கையறையில், குளிர்சாதனத்துக்குக் கீழே இருக்கிறது. ஸ்டோர் பக்கம் அது போகாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒட்டுத்தாள் சுருள்கள் இரண்டையும் செல்வி அக்காவிடம் கொடுத்தேன். வரும் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் போகிறோம். அக்கா என் புதுத் தலைக்கவசத்தை வாங்கிப் பார்த்தார், உடனே ஒரு தோலாக் கிழித்து ஒட்டினார்.

"இன்னும் பனியிலயே கால் வைக்கலயே அக்கா" என்றேன்.

"அவரும் இதுலதான் ஆரம்பிச்சாரு" என்று சொல்லிவிட்டுப் பச்சைச் சுருளைத் தன் கைப்பையில் போட்டு மூடினார். அதிலிருந்து ஒன்றை வாங்காமல் நான் விடப்போவதில்லை.