பிள்ளை தூக்கும் கை

என் வலது கை முறிந்தபோது மகளுக்கு எட்டு மாதம். தவக்காலத்தில் ஒரு காலை, மீன்கூடையோடு கரையில் வழுக்கி விழுந்தேன். தோட்டவெளி ஊரில் எலும்பு முறிவு பார்க்கும் பரியாரியார் மூங்கில் பத்தை வைத்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். ஆறு கிழமையில் அவிழ்க்கலாம் என்றார்.

எனக்கு அது போதவில்லை. "அந்தோனியாரே, உம்முடைய திருநாளில் உம் காலடியில்தான் அவிழ்ப்பேன். பிள்ளையைத் தூக்க எனக்குக் கை தாரும்" என்று நேர்த்தி வைத்தேன். ஆறு கிழமை கழிந்ததும் கட்டை அவிழ்க்க வரச்சொல்லிப் பரியாரியார் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். நான் அசையவில்லை. பிடிவாதத்தில் என்னை வெல்ல எங்கள் ஊரில் ஆளில்லை.

திருநாளன்று கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் முன் கட்டை அவிழ்த்தேன். கை இடுப்புக்கு மேலே எழவில்லை. மகள் இரண்டு கையையும் நீட்டி அழுதாள். அவளை வேறொருத்தி தூக்கினாள். நான் அழுத அழுகை கடவுளுக்குத்தான் தெரியும். நேர்த்தியில் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று எண்ணி, அடுத்த திருநாள் வரைக்கும் கையைக் கட்டுவதாக மறுபடி நேர்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. மாட்டுவண்டியில் மன்னார் அரசாங்க ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா நோகிற கையை உடனே தொடவில்லை. நல்ல கையைத் தூக்கச் சொல்லிப் பின்னால் நின்று தோளைப் பார்த்தார். பிறகு மற்றதை. கொண்டையைத் தொடச் சொன்னார். கடைசியில் ஒரு தலையணையைத் தந்தார்.

"பிள்ளையை எப்பிடித் தூக்குறனீங்கள்? செய்து காட்டுங்கோ."

அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

"எலும்பு நல்லாய்ப் பொருந்தியிட்டுது. அசையாமல் கிடந்து மூட்டுத்தான் இறுகிப்போச்சு. இனியும் கட்டினால் கை வராது" என்றார். விரல்களைச் சுவரில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாய்க் கை மேலே போகும்படி விரலால் ஏறப் பழகச் சொன்னார். இப்படி அதிக நாள் கட்டோடு கிடந்தவர்களைப் பற்றிக் கொழும்பிலுள்ள வெள்ளைக்கார டொக்டருக்கு அனுப்ப ஒரு கொப்பியில் குறிப்பு எழுதிவந்தார். அதில் என்னையும் எழுதினார்.

ஆனால் நேர்த்தியை முறிக்க எனக்குப் பயம். எங்கள் கோயிலில் பூசை வைக்கும் குருவான சுவாமியிடம் போய் அழுதேன்.

"பிள்ளை, அந்தோனியார் கையில ஆரை வைச்சிருக்கிறார்?"

"குழந்தை யேசுவை, சுவாமி."

"பிள்ளை தூக்கிற கையைக் கட்டிவைக்கச் சொல்லி அவர் கேப்பாரோ?"

கட்டுக்குப் பதில் செபமாலை என்று அவரே நேர்த்தியை மாற்றித் தந்தார். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தரம் சுவரில் விரலால் ஏறினேன். உயிர் போகிற நோ. கிழமைக்கொருக்கால் வீட்டுக்காரர் நான் எட்டிய இடத்தில் கரியால் கோடு கிழிப்பார். சில கிழமைகளில் கோடு கொஞ்சமும் ஏறாது. அப்போதும் விடவில்லை. என் பிடிவாதம் முதன்முதலாக எனக்கு உதவியது.

அடுத்த திருநாளில் மகளைச் சுரூபத்துக்கு நேரே தூக்கினேன். வீட்டுக்காரர் உதவிக்குக் கை நீட்டினார்.

"விடுங்கோ, நான் தூக்குவன்."

அவள் குழந்தை யேசுவின் காலைத் தொட்டாள்.

அன்பானவர்களே, நான் கேட்டதைக் கடவுள் முன்பே தந்திருந்தார். நான்தான் அதைக் கட்டி வைத்திருந்தேன். நம்பிக் கேளுங்கள். அவர் அனுப்புகிறவர்களின் சொல்லையும் கேளுங்கள். அவருக்கே தோத்திரம்.

மகள் இப்போது கடற்கரையெல்லாம் ஓடித் திரிகிறாள். என்னைக் கண்டால் மட்டும், "அம்மா, கால் நோகுது" என்பாள். பொய் என்று எனக்குத் தெரியும். தூக்கிக்கொள்கிறேன்.