நாற்பத்தொரு சிவப்பு நூல்

பெரம்பலூரில் நான் ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஃபைல் அறை தர்மன் அண்ணனுடையது. எறையூர்க்காரர். காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவரிடம், "எந்த ஊரு, யாரு மவன்?" என்று இரண்டே கேள்வி. ஏணியில் ஏறி ஃபைலோடு இறங்குவார். பழைய காகிதமும் அந்துருண்டையும் கலந்த அந்த வாசம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

எல்லா ஃபைலுக்கும் வெள்ளை நூல் கட்டுவார். ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர் ஃபைலுக்கு மட்டும் சிவப்பு. நர்ஸ் வந்து வாயால் சொன்னாலே போதும், கட்டிவிடுவார்; தாளில் யாரும் அதை எழுதுவதில்லை. சிவப்பைக் கண்டால் டாக்டர் விசாரித்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார். படிக்காத எனக்கே அது புரியும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே தேவயானி என்ற பெண்ணும் வந்தாள். நூலை அறுத்து, தாள் தாளாகப் படம் பிடித்து உள்ளே ஏற்றினாள். ஏற்றி முடித்த தாள்கள் பழைய பேப்பர் லாரியில் போயின. நல்ல நூலாயிற்றே என்று, பெருக்கியதையெல்லாம் நான் ஒரு பையில் போட்டு வைத்தேன். எல்லாம் முடிந்த அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏண்ணே, செவப்பு நூலும் பொட்டிக்குள்ள போயிருச்சா?"

அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. நூலை யாரும் படம் பிடிக்கவில்லை.

பையைக் கொட்டி, சிவப்பை மட்டும் பொறுக்கி எண்ணினோம். நாற்பத்தொன்று. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பேர் பேராகச் சொல்ல, தேவயானி தட்டினாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர் ஆயிற்று. ஒரே ஒரு ஆள் மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

"அந்த ஆளு நாளைக்கே வந்து, ஊசியப் போட்டுட்டாங்கன்னா?" என்றார்.

மறுநாள் கவுண்ட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிற எல்லாரிடமும், "ஊசி ஏதும் ஒத்துக்காம போச்சா?" என்றே கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கீங்கண்ணே. வரிசை ரோட்டுக்குப் போயிருச்சு," என்றாள் தேவயானி.

"போவட்டும்."

ஏழு மாதம் கழித்து, மீன்சுருட்டியிலிருந்து பெரியசாமி என்பவர் காய்ச்சலோடு வந்தார்.

"ஊசி போட ஜாதகம் பாக்குறியாய்யா?" என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தார்.

அவர் பெண்சாதி விடவில்லை. "சும்மா இருங்க. கரும்பு வெட்டுல காலு கிழிஞ்சு இங்கதான ஊசி போட்டாங்க? மூஞ்சி வீங்கி மூச்சு முட்டுச்சே, மறந்துட்டீங்களா?"

அண்ணன் துள்ளி எழுந்தார். "மேத்தட்டு, சன்னல் ஓரம் இருந்த ஃபைலு! தேவயானி, பேரை அடிம்மா!"

அதற்கு மறுநாளும் அவர் ஸ்டூலில்தான் இருந்தார்.

"அதான் நாப்பத்தொண்ணும் கெடைச்சிருச்சே, இன்னும் என்னண்ணே?" என்றேன்.

"நீ குப்பையோட ஒண்ணு ரெண்டு கூட்டித் தள்ளியிருந்தீன்னா, இருசம்மா?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதாம். தேவயானி சொல்லித்தான் அப்படி வைத்தார்களாம். இருக்கட்டும். நான் ஒரு நூலைக்கூடக் குப்பையில் விடவில்லை.