கமோமில்லாத் தேநீரில் பதினைந்து சொட்டு

2005 ஜனவரியில் குகனேஸ்வரிக்கு மனச்சோர்வு வந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் காரணம் கேட்டார்கள். "பல்லுக் கொதிச்சா, ஏன் கொதிக்குதெண்டு ஆராய்ஞ்சுகொண்டே இருப்பியள்? வைத்தியரிட்டைத்தானே ஓடுவியள்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு மேல் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஒரேத்தோத் தெருவில் இருந்த ஒரு டொக்டரிடம் தனியாகப் போய், தானே இத்தாலியத்தில் கதைத்து, நாளுக்கு ஒரு குளிசை எழுதுவித்துக்கொண்டு வந்தாள்.

குளிசை வேலை செய்தது. மார்ச் முடிவதற்குள் காலையில் எழுந்து தலைவார மனம் வந்துவிட்டது. வாய் காய்ந்தது. பல்லரோச் சந்தையில் தேசிக்காய் வாங்கி, தோலைக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். விரல்கள் மெல்ல நடுங்கின. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். இதெல்லாம் தாங்கக்கூடியதுதான்.

தாங்க முடியாதது வேறொன்று. திங்கள், புதன், வெள்ளி நாட்களில் அவளுக்கு சிஞ்ஞோரா எமிலியானா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை. எழுபது தாண்டிய நல்ல மனுசி. இவள் முகம் வாடியிருந்ததைக் கண்ட நாள் முதல், வந்தவுடன் ஒரு கோப்பை கமோமில்லாப் பூத் தேநீர் வைப்பார். அதில் தன்னுடைய சின்னக் கபிலப் போத்தலில் இருந்து பதினைந்து சொட்டு விடுவார்.

"பதற்றத்துக்கு நல்லது மகளே. நான் இருபது வருடமாகக் குடிக்கிறேன். செத்தா போனேன்?"

ஏப்ரலில் குகனேஸ்வரி இஸ்திரிப் பெட்டியால் சட்டை மினுக்கும்போது நின்றபடியே கண்ணயர்ந்தாள். கழுத்துப்பட்டி கருகியது. அடுத்த கிழமை கால் தடுமாறி, சிஞ்ஞோராவின் கலியாணத் தட்டுகளில் ஒன்று உடைந்தது. பிறகு இன்னொன்று. பன்னிரண்டில் பத்து மிஞ்சியது.

"இன்னொன்று உடைந்தால் செப்டெம்பரில் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார் சிஞ்ஞோரா.

ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்க முடியாது. பதினொரு வருட பலேர்மோ வாழ்க்கை ஒரு தட்டில் வந்து நின்றது.

அல்பெர்கேரியாப் பகுதியில் அவள் இருந்தது அக்கா யோகாம்பாளின் வீட்டில். அத்தான் ஆனந்தராசா தீர்ப்பே சொல்லிவிட்டார். "உந்த விசர்க் குளிசையை நிப்பாட்டு பிள்ளை. அதுதான் ஆளைச் சாய்க்குது."

"நிப்பாட்டினா திரும்பவும் சுவரைப் பாத்துக்கொண்டு கிடப்பன். என்ரை மூண்டு வீட்டு வேலைக்கும் நீங்கள் போவியளோ அத்தான்?"

"நானோ?"

"அக்கா, பாத்தியே, ஆள் பயந்திட்டார்!"

அக்கா சிரிக்கவில்லை. "குளிசையோ வேறையேதோ, முதல்ல எழுதிப் பாப்பம்" என்று ஒரு கொப்பியை எடுத்து அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள். குளிசை போட்ட நேரம், சாப்பாடு, தூக்கம், தலைச்சுற்று. மூன்று கிழமை ஒரு நாளும் தவறாமல் குகனேஸ்வரி எழுதினாள். எழுதியதைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் விரித்தாள்.

டொக்டர் விரலை வைத்துக் கீழே இறங்கினார். தலைச்சுற்று எல்லாம் திங்கள், புதன், வெள்ளியில்தான். "இந்த மூன்று நாளும் எங்கே போகிறாய்? அங்கே என்ன சாப்பிடுகிறாய்?"

"ஒண்டுமில்லை. கமோமில்லாத் தேத்தண்ணி..."

சொல்லிக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள். டொக்டர் எழுதி, பார்மசியில் வாங்குவதுதான் மருந்து. ஒரு மனுசி தன் கையால் அன்பாக ஊற்றித் தருவதை மருந்து என்று எழுதுவது யார்? கொப்பியில் அதற்கு ஒரு நிரலே இருக்கவில்லை.

சொட்டைப் பற்றிச் சொன்னாள். போத்தலின் பெயரைக் கேட்டதும் டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். அதுவும் ஒரு தூக்க மருந்துதான், சொட்டும் குளிசையும் சேர்ந்துதான் ஆளை அமத்துகின்றன என்றார். குளிசையை விடக் கூடாது. சொட்டையும் ஒரேயடியாக நிறுத்தாமல், ஒவ்வொரு கிழமையும் இரண்டு இரண்டு சொட்டாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

திங்கட்கிழமை கோப்பை ஆயத்தமாக இருந்தது. குகனேஸ்வரி கையை நீட்டினாள். "சிஞ்ஞோரா, போத்தலைத் தாங்கோ. இண்டைக்குப் பதின்மூண்டு. நான்தான் விடுவன்."

"நான் மனதாரக் கொடுத்தது!"

"உங்கடை மனம் நல்லதுதான். என்ரை கண்ணெல்லோ மூடிப்போகுது. சட்டை கருகினதும் தட்டு உடைஞ்சதும் இந்தக் கோப்பையாலை. டொக்டர் சொன்னவர்."

சிஞ்ஞோராவின் முகம் சிவந்தது. "அப்படியானால் செப்டெம்பரில் வேறு ஆளைப் பார்க்கிறேன்."

"பாருங்கோ. குளிசையை விடவும் மாட்டன், சொட்டைக் கூட்டவும் மாட்டன். அதுவரைக்கும் சொட்டை நான் எண்ணுறன், தட்டை நீங்கள் எண்ணுங்கோ."

சிஞ்ஞோரா போத்தலை மேசையில் டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனார்.

பதினொன்று, ஒன்பது, ஏழு. குறைத்த கிழமைகளில் நெஞ்சு படபடத்தது, தூக்கம் முறிந்தது. அதற்கும் ஒரு நிரல் போட்டாள். ஜூலையில் வெறும் கமோமில்லா மட்டும் குடித்தாள். அது அவ்வளவு ருசியில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

செப்டெம்பரில் சிஞ்ஞோரா ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்து, பக்கத்தில் தட்டுகளை அடுக்கி எண்ணினார். ஒன்பது. கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்த்தார்.

"பத்து இருந்ததே?"

"ஜூலை இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. உங்கடை கையாலை விழுந்தது சிஞ்ஞோரா. நான்தான் கூட்டி அள்ளினனான். கொப்பியிலை இருக்கு, கொண்டுவரட்டோ?"

சிஞ்ஞோரா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். குகனேஸ்வரி தாளை மடித்துக் குளிசைப் பெட்டியோடு கைப்பைக்குள் வைத்துவிட்டு, ஒன்பது தட்டையும் ஒரே தூக்காகத் தூக்கி அலுமாரிக்குக் கொண்டுபோனாள்.