ஆர்டர் போட்டதும் வந்ததும்

எங்கள் கம்பெனி கேட்டில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. உள்ளே போகுமுன் போனை அணைத்து அதில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து டோக்கனை நீட்டினால்தான் போன் திரும்பக் கைக்கு வரும். ஆரம்பத்தில் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. மாமியார் போன், நாத்தனார் போன் என்று ஒரு தொல்லையும் கிடையாது, என் பாட்டுக்கு லைனில் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருக்கலாம். இப்போது அந்த அலமாரியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எல்லாம் என் மகளின் சடங்கில் தொடங்கியது. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள். பிழைக்க வந்து ஓசூர் மத்திகிரியில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் பெரியவளானபோது ஊருக்குப் போய் விசேஷம் வைக்க எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் லீவு கிடைக்கவில்லை. என் தம்பி சும்மா இருப்பானா? சொந்தக்காரர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான். தாய்மாமன் கெத்து குறையக்கூடாது என்று தெரு முனையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளெக்ஸ் வேறு.

பிளெக்ஸ் கடைக்காரனுக்கு என்ன வந்ததோ, என்னைப் போல நல்ல கறுப்பாக இருக்கும் பிள்ளையை ரோஸ் கலருக்கு வெளுத்து வைத்திருந்தான். கன்னத்துப் பரு ஒன்றுகூட இல்லை. உதட்டுக்குச் சாயம், தலைக்குக் கிரீடம், உட்காரச் சிம்மாசனம். வந்த சனமெல்லாம் "மகாலட்சுமி கணக்கா இருக்கா" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தது. அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது நான் இல்லம்மா" என்றாள்.

"போடி, அழகாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் பந்தியைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் பிள்ளை ஒரு மாதிரி ஆனாள். எப்போது பார்த்தாலும் பாத்ரூமில் முகம் கழுவுகிற சத்தம். முதலில் கடலை மாவு, அப்புறம் எலுமிச்சம்பழம், அப்புறம் பேஸ்ட். கன்னம் உரிந்து செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கேட்டால், "கம்பெனித் தூசு அலர்ஜி" என்றாள். கம்பெனிக்குப் போகிறவள் நானா அவளா? தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. ஸ்கூலுக்குக் கிளம்பச் சொன்னால் தலைவலி. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு அப்படி என்ன தினமும் தலைவலி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

விஷயத்தைக் கொண்டுவந்தது எங்கள் ஹவுஸ் ஓனரம்மா. கன்னடக்காரர். தமிழைப் பாதி, கன்னடத்தைப் பாதி போட்டுப் பேசுவார். போனை நீட்டி, "அக்கா, இல்லி நோடு. இது நம்ம பாப்பாதானே?" என்றார்.

ஒரு ரீல்ஸ். முதலில் அந்தப் பிளெக்ஸ் படம், மேலே 'ஆர்டர் போட்டது' என்று எழுதியிருந்தது. அடுத்து யாரோ ஸ்கூலில் எடுத்த படம். வெயிலில் வேர்த்து, யூனிபார்மில், பருவோடு என் பிள்ளை நிற்கிறாள். மேலே 'வந்தது'. கூடவே ஒரு கெக்கெக்கே சிரிப்புச் சத்தம். முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. கீழே ஒருவன், 'உடனே ரிட்டர்ன் போடு' என்று எழுதியிருந்தான். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? பத்து மாதம் சுமந்து பெற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்ல இவன் யார்?

மகளை உட்கார வைத்துக் கேட்டோம். வகுப்பில் யாரோ போட்டதுதான், யாரென்று சொல்ல மாட்டேன் என்றாள். இவர் எழுந்து சட்டையை மாட்டினார். "எவன்னு சொல்லு, கைய ஒடிச்சிட்டு வரேன்."

"அப்பா, வேணாம்ப்பா. இப்ப யாரும் அதப் பாக்கறதில்ல. தானா அமுங்கிடும். தயவுசெஞ்சு யாரும் எதுவும் பண்ணாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இவரும் தலையை ஆட்டினார்.

ஆட்டிய தலை மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. இவர் மனசில் ஒன்றும் தங்காது. அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள் தேனி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை என்று எல்லாப் பக்கத்து ஆட்களும். நல்லவர்கள். சடங்குக்கு மொய்யோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். "நம்ம அண்ணன் பிள்ளைய ஒருத்தன் கிண்டல் பண்ணுவானா?" என்று ஆளாளுக்குப் போனை எடுத்துவிட்டார்கள். முருகன் படம், அம்மன் படம், குழந்தை படம் வைத்த அத்தனை பேரும் அந்த ரீல்ஸுக்குக் கீழே போய் எழுதினார்கள். 'தம்பி, நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?' 'எங்க பாப்பா தங்கம்.' கும்பிடுகிற கை, கோப மூஞ்சி, இதயம். ஒரு மகராசன் இவள் இன்னார் மகள் என்று எழுதி, எந்தத் தெரு என்பதையும் போட்டுவிட்டான். எல்லாம் பாசம்.

அந்தப் பாசம்தான் வினையாகப் போயிற்று. ஆள் கூடக் கூட அதை இன்னும் நாலு பேர் போனில் காட்டுமாம். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. அமுங்கிக் கிடந்த ரீல்ஸ் அன்று மதியத்துக்குள் ஓசூர் முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அன்று செகண்ட் ஷிப்ட். தலை பின்னிக்கொண்டிருந்தேன். அன்றும் ஸ்கூலுக்குப் போகாத மகள் வந்து போனைக் காட்டினாள். "யாரும்மா இவங்கல்லாம்? ஏன்மா எல்லாரும் வந்து பாக்குறாங்க?" என்றாள். நான் பின்னலை முடிந்துகொண்டிருக்கும்போதே, அழாமல் கொள்ளாமல், சோறு வேண்டாம் என்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு இருக்கவே பிடிக்கலம்மா."

முனையில் பஸ் ஹாரன் அடித்தது. என்ன பழக்கமோ, கால் தன்னால் ஓடிப் போய் ஏறிவிட்டது. அவள் சொன்னது பாதி வழியில்தான் மண்டைக்குள் இறங்கியது.

கேட்டில் வரிசை நகர்ந்தது. போனை அணைக்க வேண்டும். கை வரவில்லை. அவளுக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், சுவிட்ச் ஆஃப். ஓனரம்மாவுக்கு அடித்தேன், அவரும் எடுக்கவில்லை. "அக்கா, வெச்சிட்டுப் போங்க, பின்னாடி நிக்கிறாங்க பாருங்க" என்றார் செக்யூரிட்டி. ஒரு ஷிப்ட் முழுக்க இதை இங்கே பூட்டிவிட்டு நான் உள்ளே என்னத்தைப் பொருத்துவேன்? வரிசையை விட்டு விலகி ரோட்டுக்கு ஓடினேன்.

கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். சிக்னலில் லாரி லாரியாக நிற்கிறது. "அண்ணா, சந்துல பூந்து போங்கண்ணா" என்று கத்தினேன். எங்கள் குலசாமிக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். மின்விசிறி ஞாபகம் வந்தது, பாத்ரூமில் இருக்கும் பாட்டில் ஞாபகம் வந்தது. ச்சீ, என்ன நினைப்பு என்று என் வாயிலேயே அடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைச் சந்துக்குள் விட்டார்.

வீடு திறந்து கிடந்தது. ஹாலில் இல்லை. பாத்ரூமில் இல்லை. மாடிப்படி ஏறினேன்.

மொட்டை மாடியில் ஓனரம்மா புளி காயப் போட்டிருந்தார். அவர் அதை விரித்திருந்தது எங்கள் சடங்குப் பிளெக்ஸில்தான். எப்போது வாங்கிப் போனாரோ. சிம்மாசனத்தின் மேல், கிரீடத்தின் மேல், அந்த ரோஸ் முகத்தின் மேல் எல்லாம் புளி. அதன் ஓரத்தில் சம்மணம் போட்டு, உரிந்த கன்னத்தோடு, என் பிள்ளை புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா வந்துட்ட?"

"தலவலி."

"பொய் சொல்லாத." கையில் ஒட்டிய புளியைத் துடைத்தாள். "நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓனரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெனச்சேம்மா" என்றாள் அவள். "செத்துடலாம்னு நானும் நெனச்சேன். போனை ஆஃப் பண்ணேன். அப்பதான் ஆன்ட்டி மேல இருந்து புளி எடுக்க வா பாப்பான்னு கூப்பிட்டாங்க."

அவளைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டேன். வலித்திருக்கும், அவ்வளவு இறுக்கிவிட்டேன்.

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மனநல டாக்டரம்மாவிடம் இப்போதும் போய் வருகிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், ரீல்ஸ் போய்விட்டது. எவன் போனில் இன்னும் பத்திரமாக இருக்கிறதோ, யார் கண்டது? இவர் கம்பெனி பஸ்ஸில் இப்போது வாயைத் திறப்பதில்லை. மகள் சோறு சாப்பிடுகிறாள், ஸ்கூலுக்குப் போகிறாள். ஆனாலும் பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் நான் கதவைத் தட்டிவிடுகிறேன்.

செகண்ட் ஷிப்ட் நாட்களில், அவள் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருந்தால், அலமாரியில் போனை வைக்குமுன் ஒரு தடவை அவளுக்கு அடிப்பேன். செக்யூரிட்டியும் பழகிவிட்டார், வரிசையை விட்டு ஒதுங்கி நிற்கச் சொல்கிறார். சாப்பிட்டாயா, படித்தாயா என்று ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கும் தெரியும், எதற்கு அடிக்கிறேன் என்று.

"இருக்கேம்மா. வை" என்பாள், எரிச்சலாக.

அதைக் கேட்ட பிறகுதான் போனை அணைக்கிறேன்.