துணைக்கு வந்தவன்

நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் என் பெயர் இல்லை. 'பெக்லைட்பெர்சோன்' என்று மட்டும் இருந்தது. துணைக்கு வருபவர் என்று பொருள். இந்த நாட்டில் கூட வருகிறவனுக்கும் ஒரு சொல்லை அச்சடித்து, ஊசியும் சேர்த்துத் தருகிறார்கள். டாவோஸில் பனியை ஆராயும் நிறுவனம் ஒன்று, முனைவர் படிப்புக்குத் தேர்வானவர்களை இடம் பார்க்க அழைத்திருந்தது. ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. பிள்ளையைப் படிப்பில் சேர்க்கத் தகப்பன் போவதுதானே முறை என்று கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வந்து பார்த்தால், மற்றவர்கள் காதலனோடும் காதலியோடும், மலையேறும் சப்பாத்துகளோடும் நிற்கிறார்கள்.

"கீர்த்தனா, நான் வெளியில நிக்கட்டோ?"

"சும்மா இருங்கோ அப்பா. இஞ்ச உங்கட கோட்டுத்தான் வடிவு."

பேராசிரியர் ஒருவர் காப்பியோடு வந்து, நீங்கள் எந்தத் துறை என்று என்னைக் கேட்டார். கடிகாரம் என்றேன். ஜெர்மனில் அதற்குச் சொல் 'ஊர்'. பீல் நகரத்துத் தொழிற்சாலையில் இருபது வருடமாக நான் உறுப்பு உறுப்பாகப் பூட்டுவது ஊர்கள்தான். "ஆ, நேர அளவியல்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்னால் மகள் சிரிப்பை விழுங்குவது கேட்டது.

அன்று மாலைக்குள் அவள் பதில் சொல்லவேண்டும். பாசலிலும் இடம் கிடைத்திருந்தது. பாசல் என்றால் இராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மனைவி அதற்குக் கோயிலில் நேர்த்தியே வைத்திருந்தாள். ஆனால் மகளின் கண் பனியில். நீங்கள் ஓம் என்றால் மட்டும்தான் டாவோஸ் என்று ரயிலில் சொல்லியிருந்தாள். இதே டாவோஸில் நாலு குளிர்காலம் நான் ஹோட்டலில் கோப்பை கழுவியிருக்கிறேன். பனியைக் குசினி ஜன்னலால் பார்ப்பேன். கொதிநீர் ஆவியில் அதுவும் மங்கல். என் மகள் அதே பனியை வெட்டி, அடுக்கடுக்காக அளந்து, எப்போது சரியும் என்று சொல்லப்போகிறாளாம்.

எட்டு வயதில் அவள்தான் எனக்குப் பெக்லைட்பெர்சோன். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், ஊரில் சண்டை முடிந்தால் திரும்பிப் போவீர்களா என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் தொடங்கினேன். போகத்தான் ஆசை, போனால் ஆர் இருக்கினம், பிள்ளையின்ர படிப்பு, இந்தக் குளிர் என்று எங்கெங்கோ போய் வந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் திரும்பிச் சொன்னாள்: "நைன்." இல்லை என்று ஒரே சொல். "அவ்வளவும் ஒரு நைனா?" என்றார் அதிகாரி. "தமிழ் நீளமான மொழி" என்றாள். வீடு வரும்வரை அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன்.

பின்னேரம், பதிவு மேசையில் இருந்த பெண் பேனாவை நீட்டியபடி என்னைப் பார்த்தார். மகள் இங்கே வந்தால் உங்களுக்குச் சந்தோஷமா? பதில் சொல்லும் அளவுக்கு இப்போது எனக்கு ஜெர்மன் வரும். ஆனாலும் மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"பீலில இருந்து நாலு மணித்தியாலம். கொம்மா ஒரு கிழமைக்கு என்னோட கதைக்கமாட்டா. நான் கோப்பை கழுவின ஹோட்டல் அந்தா தெரியுது. அதுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் நீ நெஞ்சை நிமித்தி நடந்து போகோணும், பிள்ளை."

அவள் கண் கலங்கிவிட்டது. திரும்பி, "யா" என்றாள். ஓம் என்று ஒரே சொல். பிறகு, "தமிழ் நீளமான மொழி" என்று சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அட்டையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் பிறக்க முன்னமே அவளுக்குத் துணையாகத்தான் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. கொஞ்சம் முந்தி வந்துவிட்டேன், அவ்வளவுதான். மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மணிக்கட்டில் இருந்த ஊர் ஆறு மணி காட்டியது. விட்டுவந்த மற்ற ஊரில் அப்போது இரவு ஒன்பதரை.