புடவைப் பெட்டியில் ஒரு ஈசிஜி

அப்பா பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். தன் மருத்துவக் காகிதங்களையும் ஒரு புடவைப் பெட்டியில்தான் வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து, பழைய மடிப்பை விட்டு வேறு இடத்தில் மடிப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடிந்துபோகுமாம். சர்க்கரை ரிப்போர்ட்டில் எங்கே ஜரிகை என்று கேட்டால் அடுத்த காகிதத்தை எடுத்து நீவுவார். தேதி வரிசையும் கிடையாது. நல்ல ரிப்போர்ட் மேலே, சர்க்கரை ஏறிய ரிப்போர்ட் அடியில்.

டாக்டர் மேஜையில் ஒவ்வொன்றாக விரிப்பார்.

"இதப் பாருங்க சார், போன வருசத்துது. நல்லா இருக்குது."

வெளியே கூட்டம் முறைக்கும். எனக்கு மானம் போகும்.

அந்தக் குப்பையில் உருப்படியானது ஒரு ஈசிஜி மட்டும்தான். "உங்க ஈசிஜியே இப்படித்தான். எங்க போனாலும் இதக் காட்டுங்க. இல்லன்னா புதுசா அட்டாக்னு நெனச்சிடுவாங்க" என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் எட்டாக மடித்து வைத்திருந்தார் மனிதர். இன்ஜினியரிங் படித்தவன் எப்படிப் பொறுப்பேன்? அவருக்குத் தெரியாமல் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய் லேமினேஷனுக்குக் கொடுத்தேன்.

உள்ளே ரோஸ் நிறத்தில் போன காகிதம் கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

"சூடு பட்டா கருத்துடும்பா இந்தப் பேப்பர். ஈசிஜின்னு சொல்லக் கூடாதா?" என்றார் கடைக்காரர்.

"உனக்குத் தெரியாதாண்ணா?"

"நீதான காலேஜ் படிச்சவன்?"

ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. பெட்டியின் அடியில் செருகிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கடையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புதிய ஈசிஜியைப் பார்த்த டாக்டர், "பழசு இருக்குதா? இந்த மாத்தம் முன்னாடியே இருந்துதான்னு தெரியணும்" என்றார்.

"இருக்குது சார்." படுத்தபடியே பெருமையாகப் பெட்டியைத் துழாவியவர் கையில் கறுப்பு அட்டை வந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"லேமினேஷன்பா."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப புதுசுன்னுதான் வெச்சுக்கணும். அட்மிட் பண்ணுங்க."

மூன்று நாள் மார்பெல்லாம் ஒயரோடு கிடந்தார். கடைசியில் எல்லாம் பழைய மாற்றம்தான் என்றார்கள். கிளம்பும்போது நர்ஸ் புதிய ஈசிஜியை என்னிடம் நீட்டினாள்.

"அவங்கிட்ட குடுக்காதம்மா" என்றார் அப்பா.

வாங்கி, தொடைமேல் வைத்து நீவி, நிதானமாக எட்டாக மடித்தார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.